பச்சைக் கோடு

தாராவி

அன்புள்ள உம்மாவுக்கு, உஸாமா எழுதுறேன். அஸ்ஸலாமு அலைக்கும். முட்டிவலிக்கு மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா? வாப்பாவுக்கு இருமல் குறைஞ்சிருக்கா? நான் நல்லா இருக்கேன்.

போன் எடுக்க மாட்டேங்குறான்னு கோவிச்சுக்காதீங்க. போன மாசம் வந்த காய்ச்சலுக்கு அப்புறம் இடது காது கொஞ்சம் மந்தமா இருக்கு. மருந்து விடுறேன், பயப்பட ஒண்ணுமில்ல.

வேலையும் தடையில்லாம நடக்குது. நாங்க பாட்டுப் பதியுற சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு குரலுக்கும், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி டிராக். ஒவ்வொண்ணு பக்கத்துலயும் வரிசையா பட்டன் இருக்கும். எது தெரியணும், எது வேண்டாம்னு நாமளே வச்சுக்கலாம். நான் பாதிப் பட்டனை எடுத்துட்டு, சத்தத்தோட அளவைக் காட்டுற பச்சைக் கோட்டைப் பெருசாக்கிட்டேன். காது விட்டதைக் கண்ணு பிடிச்சுக்கும். நேத்து ஸ்டுடியோ முதலாளி சாய்நாத் அதைப் பாத்துட்டு, "அட, பளிச்சுனு இருக்கே! என் கம்ப்யூட்டர்லயும் இப்படியே வச்சுக் கொடு"ன்னாரு. ஏன் அப்படி வச்சேன்னு அவர் கேக்கல. அவருக்கும் அப்படியே வச்சுக் கொடுத்துட்டேன்.

ரெக்கார்டிங்குக்கு நேரமாச்சு, செம்பூர் போகணும். எனக்காக துஆ செய்ங்க.

ஒரே ஒரு வேலை உம்மா. தங்கச்சி அஃப்ஷாகிட்ட சொல்லி உங்க குரலைப் பதிஞ்சு அனுப்புங்க. என்னைத் திட்டினாலும் சரிதான். பேசினதை அவ ஒரு தாள்ல எழுதியும் அனுப்பட்டும். உங்களுக்குன்னு ஒரு டிராக் போட்டு வைப்பேன். நீங்க பேசப் பேச அந்தப் பச்சைக் கோடு ஏறி இறங்குறதையாவது பாத்துக்கிட்டிருப்பேன்.

உஸாமா