அவள் பெயரில் நான் எழுதியது

ஜனவரி 6, செவ்வாய்

இந்த ஆண்டுக்கான இருவர் வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்தார்கள் என்றால், திரையில் இரண்டு முகங்கள். ஒருத்தி மூன்றாம் ஆண்டு. முதல் அரை மணியில் பன்னிரண்டு கேள்வி கேட்டாள். எனக்குள் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தாயிற்று. இன்னொருவன் எதைச் சொன்னாலும் 'சரிங்க மேடம்'. அவனுக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை.

ஏழாவது வருடமாக இதே கூத்து. பொதுவில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்றிருக்கும் மென்பொருள் ஒன்றில் நான்கு மாதம் வேலை பார்த்தால் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கான மதிப்பெண். வழிகாட்டி நான். மே மாதம் சான்றிதழ் கைக்கு வந்ததும் பறந்துவிடுவார்கள். இதுவரை பன்னிரண்டு பேர். ஒருவராவது தங்கியிருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது.

ஜனவரி 9, வெள்ளி

வக்கீலம்மா இன்று கேட்டது: 'மேடம், இதை எத்தனை பேர் பாத்துக்கறீங்க?' நான் ஒருத்திதான் என்றேன். 'உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா?' சரியாகிவிடும் என்றேன்.

சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு சின்னக் கிளினிக்குகளில் குழந்தைகளுக்கு ஊசி போட்ட பதிவேடு இந்த நிரலில்தான் ஓடுகிறது. பதினோரு வருடம் முன்பு ஒரு கிளினிக்குக்காக விளையாட்டாக எழுதியது. யார் திருத்தம் அனுப்பினாலும் அதைச் சேர்க்கும் உரிமை, நான் சாவி என்று சொல்வது, என்னிடம் மட்டும். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறேன். காவலாளி என்னைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறார், பாவம்.

ஜனவரி 15, வியாழன்

வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். குழந்தைக்கு அடுத்த ஊசி எந்தத் தேதி என்பதை இதுவரை நர்ஸ்கள் கையால் போட்டு வந்தார்கள். இனி நிரலே கணக்குப் போட்டு அம்மாவின் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கணக்கு வக்கீலம்மாவுக்கு. செய்தி சரிங்க மேடத்துக்கு.

ஒரு நர்ஸிடம் பேசலாமா என்று கேட்டாள். எதற்கு? தேவைகளை எல்லாம் நாலு பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே. படித்தாலே போதும் என்றேன்.

ஜனவரி 27, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். முட்டி இனி தாங்காதாம். ஏப்ரல் இருபதாம் தேதி அறுவை சிகிச்சை. அத்தான் போய் நான்கு வருடம் ஆகிறது, மகன் கப்பலில். மூன்று வாரம் கூட இருக்க முடியுமா என்று என்னைக் கேட்டாள். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை.

உடனே வருகிறேன் என்றேன். 'அந்தப் பெட்டி இல்லாம வர்றதா இருந்தா வா. இல்லன்னா வேணாம்' என்றாள்.

அத்தான் காரியத்துக்கு லேப்டாப்போடுதான் போனேன். பத்து நாளும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, எங்கோ ஒரு கிளினிக்கில் பதிவேடு திறக்கவில்லை என்று போராடிக்கொண்டிருந்தேன். வெளியே அக்கா வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு வருடம் மனசில் வைத்திருந்திருக்கிறாள்.

ஜனவரி 28, புதன்

மூன்று வாரம். பெட்டி இல்லாமல். எப்படி?

பிப்ரவரி 12, வியாழன்

வக்கீலம்மாவின் நிரல் வந்தது. படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நான் நாலு வரியில் முடிப்பதை நாற்பது வரிக்கு இழுத்திருக்கிறாள். 'ஒரு மாதம் கழித்து' என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இவள் நாலு வாரம் என்று போட்டு, அதற்குக் கீழே மூன்று பத்தி விளக்கம் வேறு. விளக்கத்தைப் படிக்கப் பொறுமையில்லை.

முறையாக, இது இது சரியில்லை என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அவள் திருத்தி அனுப்புவாள், நான் மறுபடி திருப்புவேன். அப்படியே மூன்று வாரம் போய்விடும். அதனால் வழக்கம்போலச் செய்தேன். அவளுடையதை அழித்துவிட்டு நானே எழுதி, அவள் பெயரிலேயே சேர்த்துவிட்டேன். இருபது நிமிடம். அவளுக்கு மதிப்பெண், எனக்கு நேரம். யாருக்கு என்ன நஷ்டம்?

அவளுக்கு எழுதினேன்: 'சில சின்ன மாற்றங்களுடன் சேர்த்தாயிற்று. நல்ல முயற்சி.'

பிப்ரவரி 20, வெள்ளி

என் வீட்டுக்காரர் பல் கட்டும் தொழில் செய்பவர். புதிதாகச் சேர்ந்த பெண் செய்த பல்செட்டை இன்று ஐந்தாவது முறையாக உடைத்துப்போட்டு மறுபடி செய்யச் சொன்னாராம். நீங்களே செய்து முடித்தால் பத்து நிமிட வேலைதானே என்றேன். அப்புறம் ஆயுசுக்கும் நான்தான் செய்யணும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். இவருக்கு என்ன, வாய் ஒன்று, பல் முப்பத்திரண்டு. எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கிளினிக்.

மார்ச் 2, திங்கள்

புதுப் பதிப்பு வெளியானது. செய்திப் பகுதியையும் நானே மாற்றி எழுதியிருந்தேன்; குறிப்பில் இருவர் பெயரையும் போட்டேன். சரிங்க மேடம் சந்தோஷத்தில் முதல் முறையாக 'நன்றிங்க மேடம்' என்றான். வக்கீலம்மாவிடமிருந்து பதில் இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

கிளினிக்குகளிலிருந்து காலையிலேயே பதினேழு கடிதம். பல் துலக்கும் முன்பே.

மார்ச் 19, வியாழன்

அக்காவிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். புதுப் பதிப்பு வெளிவந்த பிறகுதான் பிரச்சினைகள் வரிசை கட்டும், ஏப்ரல் முழுக்கத் தாங்காது, ஆள் வைத்துத் தருகிறேன், செலவு என்னுடையது என்றெல்லாம் பேசினேன். பேசப் பேச என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

'சரி. பக்கத்து வீட்டுல சொல்லி வைக்கறேன்' என்றாள்.

கோபித்துக்கொண்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்ன பிழைப்பு இது? யார் என்னை இதில் கட்டிப்போட்டது? யாரும் இல்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடையாது.

ஏப்ரல் 6, திங்கள்

ஒரு கிளினிக்கின் தலைமை நர்ஸ் எழுதியிருக்கிறார். அவர்களிடம் ஊசி போடுவது புதன்கிழமை மட்டும். மருந்துப் பெட்டியை அன்றுதான் திறப்பார்களாம். மார்ச் நாலாம் தேதி, புதன்கிழமை, ஊசி போட்ட குழந்தைகளுக்கெல்லாம் நம் நிரல் ஏப்ரல் நாலு என்று செய்தி அனுப்பியிருக்கிறது. அது சனிக்கிழமை. ஒன்பது அம்மாக்கள் கைக்குழந்தையோடு வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். ஒருத்தி இரண்டு பஸ் மாறி வந்தவள்.

கடிதம் எனக்கு இல்லை. பதிப்புக் குறிப்பில் யார் பெயர் இருந்ததோ அவளுக்கு. எனக்கு நகல். 'உங்கள் அவசர வேலையால் ஏழை ஜனங்கள் அலைய வேண்டுமா?' என்று முடிகிறது.

நாலு வாரம் என்று போட்டிருந்தால் புதனுக்குப் புதன் வந்திருக்கும்.

அவள் அப்படித்தான் போட்டிருந்தாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நான் கூப்பிடுவதற்குள் அவளே கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. ஜனவரியிலேயே தன் தெருமுனைக் கிளினிக்கில் ஒரு நர்ஸிடம் போய்க் கேட்டாளாம். ஊசி போட வாரத்தில் ஒரு கிழமைதான் என்று அவர் சொன்னதால்தான் வாரக் கணக்கு. அந்த மூன்று பத்தியிலும் அதைத்தான் எழுதியிருந்தாளாம்.

நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்தினாள்.

'மேடம், என் பேர்ல இருக்கறது நான் எழுதினதே இல்ல. ஒரு வரி கூட இல்ல. தப்புன்னா தப்புன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எனக்குக் கத்துக்கத் தெரியாதுன்னு நெனச்சுட்டீங்களா?'

இல்லை என்றேன்.

கடிதம் எழுதிய தலைமை நர்ஸுக்கு உடனே எழுதினேன், தவறு முழுக்க என்னுடையது, அந்த மாணவி எழுதியதை நான்தான் மாற்றினேன் என்று. எழுத ஐந்து நிமிடம். அனுப்ப ஒரு மணி நேரம்.

ஏப்ரல் 8, புதன்

மதியம் சாப்பிடவில்லை. படியில் உட்கார்ந்து பழைய வரலாற்றையெல்லாம் தோண்டினேன். நிரலில் எதை அழித்தாலும் சுவடு இருக்கும், அதுதான் அதன் அழகு. ஆறு வருடம், பன்னிரண்டு பேர், முப்பத்தொரு திருத்தங்கள். அவர்கள் எழுதியபடியே இன்றும் நிற்பது இரண்டு. அதில் ஒன்று எழுத்துப்பிழையைத் திருத்தியது.

மூன்று வருடம் முன்பு வந்த ஒரு பையனின் எண் இருந்தது. கெட்டிக்காரன், ஏன் தங்கவில்லை என்று அன்றைக்கே வருத்தப்பட்டேன். இன்று கேட்டேவிட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னான். 'என்னோடது ஒண்ணுமே அங்க இல்லையே மேடம். எதைப் பாத்துக்கறதுக்கு இருக்கணும்?'

ஏப்ரல் 9, வியாழன்

இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் போடும் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாணவர் சமர்ப்பிப்பது அவரவர் எழுதியதாக இருக்க வேண்டும் என்பது விதி. நான் செய்தது அவர்களுக்கு உதவி இல்லை, அவர்கள் பெயரில் மோசடி. அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. நான்தான் இங்கே எழுதுகிறேன்.

பிறகு முடிவைச் சொன்னார். இருவரும் தங்கள் சொந்த நிரலை ஏப்ரல் முப்பதுக்குள் மறுபடி சேர்க்க வேண்டும். அவர் மதிப்பிடுவார். நான் தொடக் கூடாது. அடுத்த ஆண்டு நான் வழிகாட்டியா என்பதைப் பிறகு பார்க்கலாமாம்.

நான் தொடாமல் எப்படிச் சேர்ப்பது, சாவி என்னிடம்தானே இருக்கிறது என்றேன். எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்டேன் என்பது அவர் பார்த்த பார்வையில் தெரிந்தது.

ஏப்ரல் 11, சனி

கொடுத்துவிட்டேன். இருவருக்கும். நாலு சொடுக்குதான். பதினோரு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது நாலு சொடுக்கில் போய்விட்டது. கிளினிக்குகள் என்ன ஆகும்? ஏதாவது ஒன்றை அழித்துத் தொலைத்தால்?

வக்கீலம்மா முதல் வேலையாக ஒரு விதி போட்டாள். யாரும் தன் திருத்தத்தைத் தானே சேர்க்க முடியாது, இன்னொருவர் பார்த்தாக வேண்டும். 'யாருமேன்னா யாருமே. உங்களுக்கும் சேத்துத்தான் மேடம்.'

ஏப்ரல் 14, செவ்வாய்

சேர்த்துவிட்டாள். நாற்பது வரி இப்போது ஐம்பத்தாறு ஆகியிருக்கிறது. ஒரே கணக்கை மூன்று இடத்தில் செய்கிறாள். படிக்கப் படிக்கக் கை துறுதுறுக்கிறது. சரிங்க மேடம் அதைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறான், 'இந்த இடம் எனக்குப் புரியல, மாத்த முடியுமா' என்று! அவனுக்குப் பேசத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

இன்று அந்தக் கிளினிக்கில் சரியான தேதி வருகிறதாம். நர்ஸ் அவளுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார். இந்த முறை எனக்கு நகல் வரவில்லை. அவள்தான் காட்டினாள்.

ஏப்ரல் 15, புதன்

அக்காவைக் கூப்பிட்டேன். வருகிறேன், பெட்டி இல்லாமல் என்றேன். 'பாக்கலாம்' என்றாள். நம்பவில்லை. நானும் என்னை நம்பவில்லை.

ஏப்ரல் 18, சனி

ரயில். கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரே ஒரு சின்னத் திருத்தம், செய்தியில் கிழமையின் பெயரும் வர வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பினேன், சேர்க்கவில்லை. விதி. லேப்டாப்பை வீட்டுக்காரரின் பட்டறையில் பல் அச்சுகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டச் சொன்னேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

நேற்று அறுவை சிகிச்சை. நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் என் கையைத்தான் பார்த்தாளாம், ஏதாவது வைத்திருக்கிறேனா என்று. அவளே சொன்னாள்.

ஏப்ரல் 23, வியாழன்

ஆஸ்பத்திரி நடைபாதையில் போனை எடுத்துப் பார்த்தேன். என் திருத்தத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஐந்து நாள். ஒரு வரித் திருத்தம்! நானாக இருந்தால்... சரி.

ஏப்ரல் 27, திங்கள்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டோம். வக்கீலம்மாவிடமிருந்து பதில் வந்தது: 'மேடம், ரெண்டு இடம் சந்தேகமா இருக்கு. எழுதியிருக்கேன், நேரம் கிடைக்கறப்ப பாருங்க. எங்களுக்குப் பரீட்சை, அடுத்த திங்கள் முடியுது. அதுக்கப்புறம்தான் நான் மறுபடி பாக்க முடியும். அவசரமில்லையே?'

அவசரம் என்று தட்டினேன். அழித்தேன். இல்லை என்று அனுப்பினேன்.

மே 6, புதன்

திங்கள் வந்து போயிற்று. இன்னும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். அக்கா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள், இன்று வாசற்படி இறங்கிப் பார்க்கலாமாம், பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டுமாம். போனை அடுப்படியில் வைத்துவிட்டுப் போனேன். மூன்று படி இறங்கினாள், ஏறினாள், உட்கார்ந்தோம். பேசிக்கொண்டே இருந்ததில் மத்தியானம் ஆகிவிட்டது.