பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே நின்றுபோன ஊசி

அனுப்புநர்
ச. சிவபாண்டி,
ஓய்வுபெற்ற வரைவாளர், நில அளவைத் துறை,
செவ்வந்தி நகர், மதுரை.

பெறுநர்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
மதுரை.

பொருள்: பிரசவத்துக்குத் தாய்வீடு வந்துள்ள என் மகளுக்குக் கருத்தடை ஊசி போட மறுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவில் நான் சொல்ல வருபவை: (1) மருத்துவர் சொன்னது, (2) இரண்டு ஊர்களிலும் கிடைத்த பதில், (3) மகளுக்குப் பதிலாக நான் எழுதும் காரணம், (4) வேண்டுகோள்.

1. என் மகள் தமிழ்ச்செல்விக்குத் தலைப்பிரசவம் அறுவை சிகிச்சையில் முடிந்தது. ரத்தம் மிகுதியாகப் போய்விட்டது. இரண்டாண்டுக்குள் மறுபடி கரு தங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார் மருத்துவர். குழந்தைக்கு இப்போது மூன்று மாதம். வரும் வெள்ளிக்கிழமை மருமகன் அசோக்குமார் அழைத்துப்போக வருகிறார்.

2. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை மகள் விரும்புகிறாள். எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேட்டேன். "கர்ப்பப் பதிவு புருஷன் ஊர்லல்ல இருக்கு, அங்க போய்ப் போட்டுக்கிரட்டும் ஐயா" என்றார்கள். டி. கல்லுப்பட்டிப் பக்கமுள்ள அவ்வூர்ச் செவிலியரோ, "பிள்ள அங்கனதான இருக்கு? அங்கனயே போடச் சொல்லுங்க" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். போன பிறகு போட்டுக்கொள்ளலாமே என்று தாங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் சம்பந்தியம்மாள் சோலையம்மாள், "பால் குடுக்குற வரைக்கும் ஒண்ணும் தங்காது. ஊசி கீசின்னு உடம்பக் கெடுக்காதீக" என்கிறார். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பால் கொடுக்கும்போதும் கரு தங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

3. என் மனைவி காலமாகிவிட்டார். இதையெல்லாம் தகப்பன் எழுதுவது முறையா என்று தெரியவில்லை. மகள் பிறர்முன் இதைக் கேட்கக் கூசுவாள் என்பதால் துணிந்தேன்.

4. ஆகவே, பதிவு எவ்வூரில் இருப்பினும், பெண் தங்கியிருக்கும் இடத்திலேயே ஊசி போட ஆணையிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். இதற்கு ஏற்கெனவே வழி இருந்து நான் அறியாமல் எழுதியிருந்தால் பொறுத்தருளவும்.

திருத்தம்: மேற்கண்டதை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். நேற்றே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் கேட்டு, அதே பதிலோடு திரும்பியிருக்கிறாள். மருமகனிடமும், "ஊசி போட்டாத்தான் வண்டி ஏறுவேன். உங்க ஆத்தாட்டயும் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டாளாம். மற்றவை சரி, மூன்றாவது பத்தி தவறு. கூசியவன் நான்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ச. சிவபாண்டி

இடம்: மதுரை
நாள்: 10.06.2025