மெதுவாக ஓடும் ரத்தம்

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு கோடு! இவரிடம் காட்டினேன். குச்சியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எதுக்கும் இன்னொண்ணு வாங்கிட்டு வரட்டா?" என்றார். வாங்கி வந்தது மூன்று. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வயிறு வலித்ததும் பயம் வந்துவிட்டது.

மார்ச் 6

போன முறை கலைந்தபோது டாக்டர் சொன்னது மண்டையைவிட்டுப் போகவில்லை. கரு ஒட்டியதாம், அதைச் சுற்றிக் கர்ப்பப்பையின் உள்சவ்வில் புது ரத்தக்குழாய்கள்தான் சரியாக வளரவில்லை போலிருக்கிறதாம். ஸ்கேன் அறையில் நாள் முழுக்க ஊரார் வயிற்றைப் பார்க்கிறவள் நான். எனக்கா இப்படி?

இந்த முறை முளைத்திருக்குமா?

மார்ச் 24

செய்யக்கூடாததைச் செய்தேன். யாரும் தன்னைத் தானே ஸ்கேன் பண்ணக்கூடாது என்பது எங்கள் அறையின் சட்டம். சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தாழ்போட்டு, வயிற்றில் ஜெல்லைத் தடவிப் பார்த்தேன். பை தெரிந்தது, உள்ளே பயறு அளவில் ஒன்று. துடிப்பைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் கலர் பட்டனைத் தட்டினேன். ஓடும் ரத்தம் சிவப்பும் நீலமுமாகத் தெரிய வேண்டும். சுற்றிலும் கறுப்பு. ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை.

அவ்வளவுதான். மறுபடியும் அவ்வளவுதான். இவர்கிட்ட எப்படிச் சொல்வேன்? மனுஷன் பேர் யோசிக்க ஆரம்பிச்சுட்டாரே —

மார்ச் 25

கறார் அக்காவிடம் அழுதுவிட்டேன். அறையில் மூத்தவர், அந்தப் பெயர் நான் வைத்தது. முதலில் பிடிபிடியென்று பிடித்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டு, என்னைப் படுக்கச் சொல்லி, நேற்று எனக்கு முன்னால் மெஷினில் யாரைப் பார்த்தேன் என்று கேட்டார். கழுத்து ரத்தக்குழாய் பார்க்க வந்த பெரியவரை, என்றேன்.

"அப்புறம் வேகத்தைக் குறைச்சியா?"

குறைக்கவே இல்லை! கழுத்தில் ரத்தம் பாய்ந்து ஓடும். அதற்கு வைத்த வேக அளவை அப்படியே விட்டால், மெதுவாக ஓடுவது எதுவும் திரைக்கு வராது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் வாய் கிழியச் சொல்கிற பாடம்!

டாக்டர் குமிழைத் திருகி, கருவின் மேல் படாமல் ஓரமாக ஒரு நொடி கலர் வைத்தார். சிவப்பு. நீலம். பொடிப்பொடியாக, சவ்வு நெடுக. பிறகு கலரை அணைத்துவிட்டு, நடுவில் படபடவென்று துடிப்பதைக் காட்டினார்.

"புதுசா முளைச்சதுங்க மெதுவாத்தான் ஓடும். உனக்குத்தான் அவசரம்," என்றார் அக்கா. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், "அந்தப் பெரியவர் கழுத்து நல்லாருக்கா?" என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது!

மே 9

மெஷின் மேல் அக்கா சீட்டு ஒட்டியிருக்கிறார்: 'வேகத்தைப் பார்.' யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். வெட்கமே இல்லை எனக்கு. வயிற்றுக்குச் சட்டைப் பட்டன் எட்டவில்லை, அந்தப் பெருமையே போதும்.

நவம்பர் 19

ஒரு கையால் எழுதுகிறேன். இன்னொரு கை அவள் தலைக்கு அடியில். தூங்குகிறாள். மூடிய இமையில் இழை இழையாக ரத்தக்குழாய் ஓடுவது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.