கடைத்தெருவில் ஒரு சவப்பெட்டிக் கடை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முட்டி மட்டும் படி ஏறும்போது முனகுகிறது.

நம் கடைத்தெருவை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. மீன் வலை விற்ற கடை காப்பிக் கடையாகிவிட்டது. சுவரில் அழகுக்கு அதே வலையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். படகு எஞ்சின் ரிப்பேர் பார்த்த இடத்தில் ஐஸ்கிரீம். கப்பல் டிக்கெட் ஆபீஸை இடித்து ஹோட்டல் கட்டிவிட்டார்கள், நமக்கு நேர் எதிரே. எல்லாக் கடைக்கும் வெள்ளைச் சுவர், நீலக் கதவு என்று வியாபாரிகள் சங்கம் உத்தரவு போட, தெருவே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நம் கடை மட்டும் அப்பா அடித்த பச்சையில்.

நேற்று ஹோட்டல் மேனேஜர் வந்தார். "சீசன்ல மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கி வைங்கம்மா. லீவுக்கு வர்றவங்க காலங்காத்தால சவப்பெட்டியைப் பாத்தா மூடு போயிடுது" என்றார். "உங்க ஜன்னலுக்குத் திரை போட்டுக்கோங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர் தலை மறைந்ததும் தச்சரைக் கூப்பிட்டு, இருப்பதிலேயே நல்ல தேக்குப் பெட்டியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு விளக்கும் போடச் சொன்னேன்.

கடையை விற்பது பற்றி உன்னிடம் பேசியாகிவிட்டது என்கிறார் அந்த மேனேஜர். கதை விடுகிறாரா, நிஜமா?

உன் அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நிஜம்தான். நானே சொல்லியிருக்க வேண்டும், உன் வாய்க்குப் பயந்து தள்ளிப்போட்டேன். நல்ல விலை தருகிறார்கள். அப்பா நம் இருவர் பேருக்கும் எழுதிவைத்த கடை, அதனால் உன் கையெழுத்தும் வேண்டும். எத்தனை காலத்துக்கு மரத்தூளைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாய்? என்னோடு வந்து இரு. பத்திரம் இந்த உறையிலேயே இருக்கிறது. பிடிவாதம் பிடிக்காதே.

தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரத்தை மடித்து மேசைக்கால் ஆட்டத்துக்கு அண்டை கொடுத்திருக்கிறேன். நல்ல கெட்டியான காகிதம்.

செவ்வாய்க்கிழமை அந்த மேனேஜர் மறுபடி வந்தார், மூஞ்சி வெளிறிப்போய். ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டாராம். பாவம், கடலைப் பார்க்க வந்தவர்.

"ஒரு பெட்டி வேணும்மா. சமையல்கட்டு கேட் வழியா, மேல துணியைப் போட்டு, ஏதோ அலமாரி வர்ற மாதிரி கொண்டு வந்துடுங்க."

"அவர் எந்த வழியா உள்ள வந்தார்?"

"முன்வாசல் வழியா."

"அப்ப அந்த வழியாத்தான் போவார். இல்லேன்னா வேற கடை பாத்துக்கோங்க."

வேறு கடை இருந்தால்தானே. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தேக்குப் பெட்டியையே எடுத்தோம். தச்சரும் ஐஸ்கிரீம்காரரும் இன்னும் இரண்டு பேரும் தூக்க, பட்டப்பகலில் நான் முன்னால் போய் நடுரோட்டில் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினேன். ஹாரன் அடித்தவன் பெட்டியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான். காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாருக்கும் மூடு போனதாகத் தெரியவில்லை. முன்வாசல் வழியாகவே அவரைக் கொண்டுவந்ததும், கூட வந்திருந்த அவர் மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

உன் அக்கா


ஏப்ரல் 23

அக்காவுக்கு,

நீ நடுரோட்டில் நின்றதை எவனோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான். ஊரெல்லாம் சுற்றி என் மனைவி போனுக்கே வந்துவிட்டது. "யாருங்க இந்தம்மா, செம தில்லு" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினாள். கல்யாணத்துக்கு நீ வர முடியாமல் போனதால் அவள் உன் முகத்தைப் பார்த்ததில்லை. தெரியாது என்றேன்.

வேறென்ன சொல்ல? நமக்கு மரச்சாமான் கடை என்று சொல்லித்தான் அவள் வீட்டில் பெண் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார ஒருவனும் வரமாட்டான், அது உனக்கும் தெரியும். இனி கெஞ்சப் போவதில்லை. நீ கையெழுத்துப் போடாவிட்டால் என் பாதியை ஹோட்டலுக்கு விற்றுவிடுவேன்.

தம்பி


மே 7

தம்பிக்கு,

விற்றுக்கொள். நடுவில் சுவர் எழுப்பிக்கொள்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சாப்பாட்டு மேசை போடட்டும். இந்தப் பக்கம் நாளெல்லாம் நான் ஆணி அடிப்பேன். அரைக் கடையானாலும் பச்சைதான். விற்றுவிடுவேன் என்று மிரட்டும் பருப்பெல்லாம் என்னிடம் வேகாது.

உன் பக்கத்தில் உட்காராதவன் வீட்டுக்கும் அப்பாதான் பெட்டி செய்து கொடுத்தார். அவர் வேலையில் குறை சொல்ல யார் இருக்கிறார்கள், உன்னைத் தவிர?

கடையை விற்பேன் என்றது எனக்கு வலிக்கவில்லை. என்னைத் தெரியாது என்றாயே, அது வலிக்கிறது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இதே தபாலில் உன் மனைவிக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உன்மேல் புகார் ஒன்றும் இல்லை. நான் யார், நம் கடை என்ன கடை, அவ்வளவுதான். நீ முந்திக்கொள்வதானால் முந்திக்கொள்.

உன் அக்கா, உனக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்


ஜூன் 2

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சவப்பெட்டி என்றதும் முகம் சுளிப்பாள் என்று நினைத்தேன். "இதுக்குப் போயா பொய் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் முதலில் கேட்டது உன் நம்பரை. கொடுத்திருக்கிறேன்.

ஹோட்டல்காரர்களிடம் விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். எங்கள் அக்காவுக்கு இஷ்டமில்லை என்றேன். உன்மேல் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தினமும் அவளுக்கு முன்னால் நான்தான் கீழே இறங்கித் தபால்பெட்டியைத் திறக்கிறேன். நீ அவளுக்குப் போட்ட கடிதம் இன்னும் வரவில்லை. அப்படி ஒன்றை நீ போடவே இல்லை, அப்படித்தானே?

உன் தம்பி