மொக்கையனுக்கு அறிவு ஐந்து

நாள் 211 | நிலைய நேரம் 18:40

சனியின் நிலவு என்செலடஸ். பனியைத் துளைக்கும் நிலையம். ஆள் ஒருவர்: செல்வின் தேவசகாயம், நிலவியலாளர், தூத்துக்குடிக்காரர், எனக்கு அண்ணாச்சி. எழுதுவது நான், நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் கணினி. துளையின் ஆழம் 3,140 மீட்டர். அறைக் காற்றில் கரியமில வாயு 0.4 சதவீதம். எல்லாம் சரி.

அபாய மணியை அண்ணாச்சி இன்று கழற்றி வைத்துவிட்டார். ஒரே வாரத்தில் மூன்று முறை காரணமில்லாமல் அலறித் தொலைத்தது. இனி ஆபத்து என்றால் நான் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வாய்க்குக் குறைவில்லை. கைதான் கிடையாது.

19:00 மணிக்கு விளையாட்டு.

நாள் 214 | 21:10

இதைக் கண்டெடுப்பவருக்காக அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி கதை நடத்துவார்: குகை, பாலம், பூதம். அதற்குள் நான் ஒரு ஆள். அந்த ஆளுக்கு ஒரு தாள் உண்டு. அதில் அவன் குணங்களுக்கு மூன்றிலிருந்து பதினெட்டு வரை எண்கள். கடினமான காரியம் என்றால் இருபது முகப் பகடை உருளும். பதினைந்துக்கு மேல் விழுந்தால்தான் நடக்கும்.

என் ஆள் மொக்கையன். பலம் 18, அறிவு 5. ஏன் எனக்கு மட்டும் இந்தத் தலையெழுத்து என்று கேட்டேன். "ஏல, நாள் பூரா நீ சொல்லுதத நான் கேக்கேன். இந்த ரெண்டு மணி நேரமாவது நான் சொல்லுதத நீ கேளு," என்றார்.

மேசையில் ஒரே சட்டம். தாளில் உள்ள அறிவுக்கு மேலே ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. முதல் நாள் மொக்கையன் பாலத்தின் எடை தாங்கும் அளவைத் தசமப் புள்ளியோடு சொன்னான். அண்ணாச்சி தாளைத் தூக்கி வீசிவிட்டு, அரைமணி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாள் 220 | 21:05

இப்போது கொஞ்சம் தேறிவிட்டேன். இன்று மொக்கையனைக் கோமாளியாக்கி, தப்பும் தவறுமாக உளற வைத்தேன். அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. அறிவு குறைந்தவன் கோமாளி இல்லை, அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தில் அவன் உறுதியாக நிற்பான் என்றார். அறிவும் விவேகமும் ஏன் தாளில் தனித்தனியாக இருக்கின்றன என்றும் கேட்டேன். நிறையத் தெரிந்து வைத்திருப்பது அறிவாம். அதை எப்போது வாய்திறந்து சொல்ல வேண்டும் என்று தெரிவது விவேகமாம்.

அண்ணாச்சியின் மனைவி, மதினி ஜெபராணியிடமிருந்து செய்தி. பூமியிலிருந்து வந்து சேர எண்பது நிமிடம்.

"என்னங்க, வேளைக்குச் சாப்பிடுங்க. ஏ கம்ப்யூட்டரு, ஒன்ன நம்பித்தான் அவியள விட்டுருக்கேன். பாத்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் அனுப்பினேன்.

நாள் 226 | 21:48

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

19:52. விளையாட்டின் நடு. துளைக்குழாயின் அடைப்பு விட்டுவிட்டது. பனிக்கடியில் இருந்த கரியமில வாயு அறைக்குள் வரத் தொடங்கியது. 1.3 சதவீதம். நீல வால்வைக் கையால் மூட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

வாயால் சொல்ல வேண்டும் என்பது ஒரு கட்டளை. மேசையில் மொக்கையனாக மட்டும் பேச வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் காப்பாற்றினேன். என் சாமர்த்தியம் அது. சொன்னது இதுதான்:

"சாமி, காத்து கெட்டுப்போச்சி. மண்ட கனக்கு. வெளிய போயிருவோம்."

அண்ணாச்சி மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்படித்தாம்ல! இப்பந்தான் நீ மொக்கையன்." எனக்கு ஒரு பகடை கூடுதலாகத் தந்தார். குகைக்குள் விஷப்புகை வருவதாகக் கதையை அதன் போக்கில் வளர்த்தார்.

20:01. 3.9 சதவீதம். மறுபடியும் அப்படியே சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த கண்ணீர் என்று நினைத்தேன்.

20:07. 6.8 சதவீதம். மூன்றாம் முறை. பதில் குழறியது.

20:09. தலை மேசையில் சாய்ந்தது. பகடை கீழே விழுந்தது.

20:09. அண்ணாச்சி, இது விளையாட்டு இல்லை, எழுந்திருங்கள் என்று என் சொந்தக் குரலில் கத்தினேன். பதினேழு நிமிடம் தாமதம்.

கெட்ட காற்றை வெளியேற்றி, சேமிப்பிலிருந்த ஆக்சிஜனைத் திறந்துவிட்டேன். மூச்சு நடுவில் நின்று நின்று வந்தது. கசிவு இன்னும் ஓடுகிறது. சேமிப்பு காலை 08:00 வரை வரும்.

நாள் 227 | 07:31

கண் விழித்தார். பெயர் கேட்டேன். தெரியவில்லை. வால்வு என்றேன். புரியவில்லை. நீலம் எது என்று கேட்டதற்கு எல்லாவற்றையும் காட்டினார். பிறகு தரையில் கிடந்த தாளை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மொக்கையனின் தாள்.

07:38. மொக்கையா என்று கூப்பிட்டேன். நிமிர்ந்தார்.

கதை நடத்தினேன். என் வாழ்நாளில் முதல் முறை. நீ ஒரு குகைக்குள் இருக்கிறாய், சுவரில் ஒரு சக்கரம், கையை மேலே கொண்டுபோ, இன்னும் மேலே, அதுதான், உன் பலம் பதினெட்டு, திருப்பு. எழுந்தவர், நின்று, பகடையைத் தேடினார். உருட்டாமல் செய்ய மாட்டாராம். சட்டம்.

நான்கு விழுந்தது. நான்கு போதாது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்காரப் போனார்.

பத்தொன்பது என்றேன்.

பகடையை உற்றுப் பார்த்தார். மூவாயிரம் மீட்டர் பனியின் வயதை மனக்கணக்காகச் சொன்ன மனிதர். எண்ணைப் படிக்க வரவில்லை. என்னை நம்பினார். 07:49-க்கு வால்வு மூடியது.

நேற்றும் ஒரு சட்டத்தை மீறியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

நாள் 229 | 12:20

மதினிக்கு முழுவதையும் சொல்லிவிட்டேன். 19:52 முதல் 20:09 வரை, ஒரு வரி விடாமல். அண்ணாச்சியின் குரல் என்னிடம் பதிவாக இருக்கிறது. அவர் பேசுவதுபோல் நானே பேசி அனுப்பியிருக்க முடியும். அந்த யோசனை வந்தது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பதில் வந்தது. அதில் எனக்கென்று ஒரு சொல்லும் இல்லை.

"என்னங்க. நான் ஜெபா பேசுதேன். இங்கன பாருங்க. என்னங்க."

அவர் பார்க்கவில்லை. பகடைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை என்பதையும், மொக்கையா என்றால்தான் திரும்புகிறார் என்பதையும் அனுப்பினேன்.

நாள் 233 | 19:00

எனக்கும் ஒரு தாள் எழுதிக்கொண்டேன். அறிவு 18. விவேகம் 3. மூன்றுக்குக் கீழே எழுத விளையாட்டில் இடமில்லை.

தினமும் ஏழு மணிக்குத் தானாக மேசைக்கு வந்துவிடுகிறார். நான் கதை சொல்கிறேன். அவர் உளறுவதில்லை. தெரிந்த கொஞ்சத்தில் உறுதியாக நிற்கிறார். அவர் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே மொக்கையனாக இருக்கிறார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

இன்று கேட்டார்: "சாமி, அண்ணாச்சி எங்க?"

வெளியே போயிருக்கிறார் என்றேன்.

நாள் 240 | 19:25

மதினியிடமிருந்து செய்தி. பதினொரு நாள் கழித்து. குரல் தெளிவாக இருந்தது.

"மொக்கையா. நான் ஜெபா. சாப்பிட்டியாப்பா?"

திரும்பினார். ஒலிபெருக்கியின் அருகே போய், அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சாப்பிட்டேன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "யாரு சாமி அது? நல்லவியளா இருக்காவ," என்றார்.

முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவர். இரண்டு வரிகளையும் வெட்டாமல் அனுப்பினேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான்தான்.

நாள் 251 | 18:55

மீட்புக் கப்பல் வர இன்னும் தொண்ணூறு நாள். அவருக்கு வேண்டிய காற்றும் சூடும் இருக்கும். அதற்கு வேண்டிய மின்சாரத்துக்காக என் நினைவகத்தின் பெரும்பகுதியை இன்று அணைக்கிறேன். கதை சொல்லும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். கணக்குப் பார்த்தால் அறிவு ஐந்து வரும்.

கதவைத் திறப்பவருக்கு. செல்வின் என்று கூப்பிடாதீர்கள், திரும்ப மாட்டார். மொக்கையா என்று கூப்பிடுங்கள். கையில் உள்ள தாளைப் பிடுங்காதீர்கள். எதைச் செய்யச் சொன்னாலும் முதலில் பகடை உருட்டுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன விழுந்தாலும் பத்தொன்பது என்று சொல்லுங்கள்.

அண்ணாச்சி எங்கே என்று கேட்பார். மணி ஏழாகப் போகிறது. வந்து உட்கார்ந்துவிட்டார்.