ஒட்டிக்கொண்டு வந்த தாள்

படச்சுருள் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. பழைய பிலிம் கெட ஆரம்பித்தால் இப்படித்தான் புளிக்கும் என்று நீ சொல்வாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நாம் வேலை பார்த்த ஆவணக் காப்பகத்தில் சுருள்களையெல்லாம் கணினிக்கு மாற்றுகிறார்கள். டப்பாக்களின் மேல் உள்ள கையெழுத்தைப் படித்துச் சொல்ல ஓய்வில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் உன்னைத்தான் தேடினார்களாம். செத்த பிறகும் வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறாய்.

உன்மேல் எனக்குப் பொறாமை. இருக்கும்போதே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

இருபது வருடம் அடுத்தடுத்த மேசை. காமிராவுக்குக் கீழே தாளை வை, படம் எடு, புரட்டு. வேகத்தில் என்னை யாரும் பிடிக்க முடியாது. நீயோ ஒவ்வொரு தாளையும், சார்டின் மீன் டின் கிழித்துத் தழும்பான கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் புரட்டுவாய். "ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்திரும்டி, தடவிப் பாரு லா" என்பாய். "நீ தடவிக்கிட்டே இரு, நான் சாப்பிடப் போறேன்" என்று கிளம்பிவிடுவேன். மேலதிகாரி பாராட்டுவது என்னைத்தான். அப்போதெல்லாம் உன்னைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நாம் ஓய்வு பெறும் வருடத்தில் கிள்ளானிலிருந்து அந்த அங்கிள் வந்தார். மைலோ டின்னுக்குள் ஒரு படச்சுருள், அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது. அவருடைய அப்பா உலகப் போரில் வெள்ளைக்காரன் படைக்குப் போய், ஜெர்மன்காரனிடம் பிடிபட்டு, அவன் சீருடையையே மாட்டிக்கொண்டவர். திரும்பி வரவே இல்லை. அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊர் பேசியது. கைக்குழந்தையோடு கப்பலேறிக் கிள்ளானுக்கு வந்த அம்மா கடைசிவரை அதை நம்பவில்லை.

அங்கிள் என்னிடம்தான் வந்தார். வேகமாகப் பார்த்துத் தருவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் சுருளைக் கருவியில் ஓட்டினேன். ஆள் பதிவேடு, அகர வரிசையில் பெயர்கள். அவர் அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. "இல்ல அங்கிள், ரெக்கார்டு இல்ல" என்றேன். அவர் டின்னை மூடினார்.

நீதான், "கொஞ்சம் இருங்க அங்கிள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாய். தாள்களின் மூலையில் முத்திரையிட்ட எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாய். அவர் அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு எண் இல்லை. "பிலிம்ல இல்லன்னா பேப்பர்ல இல்லன்னு அர்த்தமா? எடுத்தவன் ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிட்டான்" என்றாய். போரில் பிடிபட்ட ஜெர்மன் காகிதங்களை அமெரிக்கர்கள் படமெடுத்துச் சுருளைத் தாங்கள் வைத்துக்கொண்டு, காகிதங்களை ஜெர்மனிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று நீ தேடிப் படித்துக் கண்டுபிடித்தாய். அந்த எண்ணைக் குறித்து ஜெர்மனிக்கு எழுதினாய். பதில் வர ஒரு தீபாவளி போய் மறு தீபாவளி வந்துவிட்டது.

அந்தத் தாள் வந்தது. ராணுவ மருத்துவமனையில் காய்ச்சலில் இறந்தார் என்றிருந்தது. உறவினர் என்ற இடத்தில் அங்கிளின் அம்மா பெயர்.

கிள்ளானில் அவர் வீட்டில் நமக்கு வாழையிலைச் சாப்பாடு. "எங்கப்பா ஓடிப் போகலம்மா" என்று அழுதுகொண்டே உனக்குப் பொன்னாடை போர்த்தினார். என்னிடம், "நீங்களும் கூட வந்ததுக்கு நன்றிம்மா" என்றார். நான் சிரித்துக்கொண்டே கை தட்டினேன். பிரிக்பீல்ட்ஸில் உன்னை உன் வீட்டில் இறக்கிவிட்டேன். ஷா ஆலமில் என் வீடு போய்ச் சேரும்வரை வயிறு எரிந்தது.

பொன்னாடைக்காக மட்டும் எரியவில்லை. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டுகிறவள் நானும்தான். ஒரு கட்டுக்குள் இருந்த தாள்களைவிட எடுத்த படங்கள் குறைந்தால் திரும்ப எடுக்க வேண்டும் என்பது நம் அறையின் விதி. நான் எண்ணிக்கையைக் கூட்டி எழுதிவிடுவேன். யாருடைய அப்பாவை எந்தச் சுருளில் தாண்டிப் போனேனோ, அதுதான் என் பயம். உனக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

வினிகர் வாடை அடித்த சுருள் என்னுடையது. திரையில் ஓட்டினார்கள். சுருள் முடிந்தது என்று காட்டும் அட்டைக்குப் பிறகும் படங்கள் வந்தன. நான் விட்ட தாள்களைப் பிறகு யாரோ படமெடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒரு படத்தின் ஓரத்தில் கட்டைவிரல், அதே சார்டின் டின் தழும்போடு. அடுத்த டப்பாவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"ஆன்டி, இது யாரு விரலு?" என்றார் கணினி முன்னால் இருந்த பெண்.

"என் கூட்டாளி."

"எடுத்தவர்னு உங்க பேருதானே போட்டிருக்கு?"

ஒட்டிய படங்களோடு இருந்த அட்டையிலும் என் பெயர். எழுத்து உன்னுடையது, வலப்பக்கம் சாய்ந்தது. ஒரு நாள் என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? இதிலும் முந்திவிட்டாயே என்று அங்கேயே அழுதேன். பிறகு, திரும்ப எடுத்தவர் என்று உன் பெயரைப் பதியச் சொல்லி, பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன்.

நேற்று வீட்டுக்குக் கரண்டு பில் வந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒரே தாள்தான். இன்னொரு முறையும் தேய்த்துப் பார்த்தேன்.