அப்பா முன்னால் வைத்த பீர்

அன்பு மகள் ரோவீனாவுக்கு டென்னசியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அந்தச் சோம்பேறி நாயும் ஆண்டவர் கிருபையில் நலம், மூன்று பேரில் அதிகம் தின்பது நாய், அதிகம் பேசுவது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. அங்கே அலாஸ்கா குளிரில் உன் காதும் மூக்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா. நான் இங்கே மீனைப் பொரித்துப் போடுகிறேன், நீ அங்கே மீனை டப்பாவில் அடைக்கிறாய், நம் குடும்பத்துக்கும் மீனுக்கும் ஏதோ பழைய பகை இருக்கிறது. போன கடிதத்தில் எழுதியிருந்தாயே அந்தப் பையன், அவன் தாடியைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. தாடிக்குப் பின்னால் முகம் இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துவிட்டு எழுது.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டாய், முழங்கால் வலி என்றேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அப்படிச் சொன்னேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு வயிறு எரிகிறது. நீ போன பிறகு இங்கே ஒரு சட்டம் வந்தது. பர்மிட் இருக்கிறவன் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பீர் விற்கிற கடைக்குள்ளும் வந்து உட்காரலாமாம், ஆனால் குடிக்கக் கூடாதாம். கடைக்காரர் வேண்டாம் என்று வாசலில் போர்டு மாட்டினால் உள்ளே கொண்டுவரக் கூடாது, மாட்டாவிட்டால் வரலாம். யார் இடுப்பில் என்ன இருக்கிறது என்று தட்டு தூக்குகிற எனக்குத் தெரியாது. துப்பாக்கிக்கு நான் எதிரி இல்லை, நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது, மான் வேட்டையில் அப்பாவைவிட எனக்குக் குறி நன்றாக வரும், அவர் அதை வெளியே சொல்ல மாட்டார் அவ்வளவுதான். ஆனால் கெளுத்தி மீன் சாப்பிட வருகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு, பொரித்த மீன் எழுந்து ஓடிவிடுமா.

உன் மெர்ல் சித்தப்பா தன் கடை வாசலில் போர்டு மாட்டவில்லை. அதற்குப் பிறகு கடையில் நடந்த கூத்தைக் கேள். பிறந்ததிலிருந்து பீரை வேண்டாம் என்று சொல்லாத ஆட்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐஸ் டீ என்கிறார்கள். மறைத்துத்தான் கொண்டுவர வேண்டும், ஆனால் கொண்டுவந்திருப்பது ஊருக்குத் தெரியவும் வேண்டும், அதற்கு டீதான் வழி. டீ குடிக்கிறவன் இடுப்பில் துப்பாக்கி என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நானும் ஆரம்பத்தில் சிரித்தேன், சர்க்கரை போடவா இல்லை வெடிமருந்து போடவா என்று கேட்டுக் கேட்டு அவர்களை ஓட்டினேன். அந்தக் கடையில் பதினோரு வருஷமாக டீ மட்டும் குடிக்கிற ஒருவர் இருக்கிறாரே, அவர் என் நினைவுக்கு வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு அப்பா என்னோடு வந்துவிடுவார் என்பது உனக்குத் தெரியும். மூலை மேசை, டீ, சோள மாவு உருண்டை, யாராவது அகப்பட்டால் கதை. குடியை விட்டபோது, வீட்டில் தனியாக உட்கார்ந்தால்தான் தொண்டை கேட்கிறது, நாலு பேர் நடுவில் இருந்தால் கேட்பதில்லை என்று அவர்தான் சொன்னார். மூன்று வாரம் முன்னால் பக்கத்து மேசையில் கார்வின் உட்கார்ந்திருந்தான், நீ பள்ளிக்கூடம் போன பஸ்ஸை ஓட்டினானே அவன்தான். நம் புல்வெட்டும் மெஷினை இரவல் வாங்கிப்போய் பிளேடை வளைத்துக் கொடுத்திருந்தான், அப்பா அதைக் கேட்டார். ஏதாவது கல்லில் மோதினாயா என்றுதான் கேட்டார். அவன் குரலை உயர்த்த, இவரும் கொஞ்சம் உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து முதுகுவலிக்கு ஒட்டியிருந்த பிளாஸ்திரி அரித்திருக்கிறது, சட்டைக்குப் பின்னால் கையை விட்டார். கார்வின் துப்பாக்கியை எடுத்து நீட்டிவிட்டான்.

நான் இரண்டு கையிலும் தட்டுகளோடு நின்றேன். கடையில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்பா இரண்டு கையையும் தூக்கினார், விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தொங்கியது. அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கார்வின் துப்பாக்கியை உள்ளே வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான், “என்ன அக்கா பண்றது, அவரு டீதானே குடிக்கிறாரு, கையும் பின்னால போச்சு, யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பான்.” ஷெரீஃப் ஆபீசிலிருந்து ஒரு பையன் வந்து, புகார் கொடுக்கிறீர்களா என்று அப்பாவைக் கேட்டான். அப்பா என்ன சொன்னார் தெரியுமா ரோவீனா, தப்பு என் மேல்தான், நான் கையைப் பின்னால் கொண்டுபோயிருக்கக் கூடாது என்றார். அதோடு விட்டாரா, கார்வினிடம் மன்னிப்பும் கேட்டார். துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர் துப்பாக்கி நீட்டியவனிடம் மன்னிப்புக் கேட்கிறார், அவன் போனால் போகிறது என்று பெரிய மனசு பண்ணுகிறான். முதுகு அரித்தால் சொறிந்துகொள்ள இனி இந்த ஊரில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது.

மறுநாளே மெர்லிடம் போய் வாசலில் போர்டை மாட்டு என்றேன். மாட்டினால் பாதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள், யோசிக்கிறேன் அண்ணி என்றான். அவன் யோசிக்கிற வேகம் உனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு யோசித்தே பெண்ணின் பாதி வயசைத் தின்றவன். அதற்குள் ஆட்களுக்கு ஒரு வேடிக்கை கிடைத்துவிட்டது. லீராய், முன்னால் ஒரு பீரை வாங்கி வைத்துக்கொள்ளப்பா, நாங்கள் பயமில்லாமல் சாப்பிடுவோம் என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் அப்பாவிடம் சொன்னான். கெட்ட மனசில் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. அவர் எதற்காக டீ குடிக்கிறார் என்று தெரிந்தவர்களே சொன்னார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

போன வெள்ளிக்கிழமை நான் சமையலறையிலிருந்து வெளியே வருகிறேன், அப்பா முன்னால் நுரை தளும்ப ஒரு பீர் நிற்கிறது. என்னிடம் கேட்டால் கிடைக்காது என்று புதிதாக வந்த ஷானாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறார், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நான் அருகில் போனதும், “சும்மா வெச்சிருக்கேன் நாடீன், குடிக்க இல்ல. பாவம், எல்லாரும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுறாங்க” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, நான் வாயைத் திறக்காத நாள் என்று வேண்டுமானால் காலண்டரில் குறித்துவை. ஒவ்வொரு தடவை தட்டோடு வெளியே வரும்போதும் என் கண் அந்தக் கண்ணாடிக் குவளைக்குத்தான் போனது. நுரை அடங்கியது, பீர் குறையவில்லை. அப்பா யாரோடும் கதை பேசவில்லை. குவளையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், பிறகு கொஞ்சம் கிட்டே இழுத்தார். அப்புறம் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

போய் அந்தப் பீரை எடுத்தேன், நேராகக் கார்வின் மேசைக்குக் கொண்டுபோய் அவன் டீக்குப் பக்கத்தில் வைத்தேன். “இதைக் குடி தம்பி. இந்தக் கடைல குடிச்சுக் காட்டணும்னு ஒரு ஆளுக்குச் சட்டம் போட்டீங்கல்ல, அந்தச் சட்டம் உனக்கும்தான். குடிக்க முடியாதுன்னா இடுப்புல இருக்கறதை வண்டியில வெச்சிட்டு வந்து உக்காரு” என்றேன். கடையில் எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன், அவன் காது வரை சிவந்தான். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு நான் சும்மா நிற்காமல், முன்னால் டீ வைத்திருந்த மற்ற வீரர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டேன், உனக்குப் பீரா இல்லை வண்டியா என்று. போதகரின் மனைவியையும் அந்த வேகத்தில் கேட்டுவிட்டேன், அந்த அம்மா பாவம் தன் கைப்பையைத் திறந்தே காட்டினார். கார்வின் எழுந்து போனான், அவனோடு இன்னும் சிலர் போனார்கள், வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தது ஒரே ஒருவன்.

மெர்ல் சமையலறைக்குக் கூப்பிட்டான். துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத் தெரிந்தே பீர் வைத்தால் கடை லைசென்ஸ் என்ன ஆகும் என்று கத்தினான். உன் அண்ணன் முன்னால் பீர் வைத்தபோது உன் லைசென்ஸுக்கு வலிக்கவில்லையா என்று கேட்டேன். ஏப்ரனைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போங்க அண்ணி என்றான், கழட்டினேன். ஞாயிறன்று சித்தி சுட்ட ஆப்பிள் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, கோபத்தில் சொன்னது, திரும்ப வாங்க என்றான். கேக்கை வாங்கிக்கொண்டு, போர்டு மாட்டினால் வருகிறேன் என்றேன். போய்விட்டான், இன்றுவரை மாட்டவில்லை. வேலையைப் பற்றி நீ கவலைப்படாதே, தட்டு தூக்கத் தெரிந்தவளுக்கு ஆற்றுக்கு நம் வீட்டுப் பக்கமும் கடை உண்டு.

உனக்கு நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது, கார்வின் மூஞ்சியை நான் பழித்துக்காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தேன். பாலம் தாண்டியதும் அப்பா சொன்னார், “நீ இன்னும் கொஞ்சம் நேரம் கழிச்சு வந்திருந்தா நான் குடிச்சிருப்பேன், நாடீன்.” இத்தனை வருஷம் அவர் கட்டிக் காத்ததை, யாருடைய இடுப்புக்கோ மரியாதை கொடுக்கப்போய் ஒரு மாலையில் இழக்க இருந்தார். அந்தச் சட்டத்தை எழுதினவர்கள் யாராவது வந்து எங்கள் வண்டியில் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது அவருக்கு வெள்ளிக்கிழமை போக இடம் இல்லை. வெட்டின புல்லையே மறுபடி வெட்டிக்கொண்டிருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரமான சாக்ஸோடு தூங்காதே, தாடிக்காரனுக்கு என் விசாரிப்பைச் சொல். ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. வெள்ளிக்கிழமை நம் ஊரில் சாயங்காலம் ஆகும்போது போன் பண்ணு, என்னைக் கேட்காதே, அப்பாவைக் கேள். பீரைப் பற்றியோ கார்வினைப் பற்றியோ பேச வேண்டாம், நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. உங்கள் மீனைப் பற்றி, படகைப் பற்றி, எதையாவது சொல்லிக்கொண்டே இரு. கடை மூடுகிற நேரம் வரைக்கும் போனை வைத்துவிடாதே கண்ணு.

உன் அம்மா,
நாடீன்